கல் இல்லாத குழிகள்

தோழர்களே, கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களுக்குப் போயிருக்கிறோம். சில ஊர்களில் ஒரு பக்கம் பளிங்கும் சிமெண்டுமாகக் கல்லறைகள். இன்னொரு பக்கம், சீமைக்கருவேலத்தை அன்று காலைதான் வெட்டி ஒதுக்கிவிட்டு, எது அப்பா குழி, எது சித்தி குழி என்று குத்துமதிப்பாக மெழுகுவத்தி ஏற்றும் நம் சனம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும். மண்மேடு நாலு மழைக்குத் தாங்காது. மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிடும். கட்ட வசதியில்லாதவர்களின் குழி தரையோடு தரையாகிவிடுகிறது. பிறகு புதுக்குழி தோண்டினால் பழைய எலும்பு வருகிறது.

இடம் நிறைவது சாவு கூடியதால் மட்டுமல்ல. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நிற்கும் சுவரை நாம் அறிவோம். 2010-இல் அதை இடிக்கப் போன போராட்டத்தையும் அறிவோம். பிரித்து அளந்து கொடுத்த துண்டு நிலத்தில் தலைமுறைகளை அடக்கினால் குழிமேல் குழிதான் விழும்.

இப்படி நிறைந்து, கவனிப்பாரற்றுக் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தை மூடித் திறந்தவெளியாக்கலாம் என்ற யோசனை வந்தால் உடனே எதிர்க்க வேண்டியதில்லை. (பெயரிலேயே தோட்டம் இருக்கிறது.) லண்டன் இதைச் செய்திருக்கிறது. நிரம்பி வழிந்த தேவாலய முற்றங்களை மூட 1852-இல் சட்டம் வந்தது. மூடிய புதைநிலத்தில் கட்டடம் கூடாது என்றது 1884-ஆம் ஆண்டுச் சட்டம். 1906-ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம், கல்லறைக் கல்லை நகர்த்துவதற்கு மூன்று மாதம் முன்பே அதிலுள்ள பெயரையும் தேதியையும் பட்டியலிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொன்னது.

நல்ல விதிதான். ஆனால் கல் இருந்தால்தானே பட்டியல்? அதே லண்டனில் கிராஸ்போன்ஸ் என்ற ஏழைகளின் புதைநிலம் 1853-இல் மூடப்பட்டது. சுமார் 15,000 பேர் அங்கே கிடப்பதாக மதிப்பிடுகிறார்கள். பாலியல் தொழிலாளிப் பெண்கள், குழந்தைகள், யாருமற்றவர்கள். 1990-களில் மின்நிலைய வேலைக்காகத் தோண்டியபோது 148 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். பிற்பாடு சாதாரண மக்கள்தான் அதன் கதவில் ரிப்பன் கட்டி நினைவைக் காத்து, தோட்டமாக்கினார்கள்.

ஆகவே நம் நிபந்தனைகள் இரண்டு. மூடுமுன், சாதி பார்க்காமல் வரிசைப்படி அடக்கும் பொது இடம் கைக்கு வர வேண்டும். வாக்குறுதியாக அல்ல, நிலமாக. அடுத்து, பெயர்ப் பட்டியலைக் கல்லைப் பார்த்து எழுதக் கூடாது. பங்கின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தும், குழி வெட்டிய பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, இடம் இடமாகக் கேட்டும் எழுத வேண்டும். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.