ஏர்கோன் வாயுவும் எடை குறைந்த கரும்பொருளும்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கார் பட்டறைகளில் ஏர்கோனுக்கு ஏற்றுகிறார்களே, ஆர்-134ஏ வாயு, அதன் வேதியியல் பெயர் டெட்ராபுளோரோஈத்தேன். இந்தியாவில், ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில் இதே பொருளை வைத்துக்கொண்டு கரும்பொருளைத் தேடுகிறார்கள். கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் கழகம் 2017இல் அங்கே ஆய்வகம் அமைத்தது.

கரும்பொருள் ஒளி விடாது. விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்துத்தான் அது இருக்கிறது என்கிறோம். சாதாரணப் பொருளைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

சரி, ஏன் இந்த வாயு? கேரம் ஆடிய மாணவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். சமமான காய் நேராக மோதினால் முழு ஆற்றலும் கைமாறும். லேசான காய் கனமானதில் மோதினால் திரும்பி ஓடிவிடும். கணக்காகவே போடலாம்: இரு நிறைகளின் பெருக்கலை நான்கால் பெருக்கி, கூட்டுத்தொகையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கரும்பொருள் துகளின் நிறை ஒரு புரோட்டான் அளவு என்று வைப்போம். பெரிய ஆய்வகங்கள் பயன்படுத்தும் செனான் அணுவுக்கு (நிறை 131) அதிகபட்சம் 3 விழுக்காடு ஆற்றல்தான் போகும். புளோரினுக்கு (19) 19 விழுக்காடு, கார்பனுக்கு (12) 28, ஹைட்ரஜனுக்கு 100. இந்த மூன்றும் ஏர்கோன் வாயுவில் இருக்கின்றன!

இது மைனஸ் 26 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம். அதைச் சிறு துளிகளாகக் கூழில் அடைத்தால், அறை வெப்பத்திலும் கொதிக்காமல் காத்திருக்கும். ஒரு சின்ன மோதல் போதும், துளி குமிழாக வெடிக்கும். அந்தச் சத்தத்தை ஒலியுணரி பதிவு செய்கிறது. மேலே தரையில் வைத்தால் காஸ்மிக் கதிர்களே ஓயாமல் துளிகளை வெடிக்க வைக்கும், அதனால்தான் சுரங்கம்.

முதல் தேடலில் குமிழ் தோன்றத் தேவையான ஆற்றல் 5.87 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கரும்பொருள் கிடைக்கவில்லை. உண்மையில், விநாடிக்கு 300 கிலோமீட்டரில் வரும் புரோட்டான் நிறைத் துகளிடம் மொத்தமே அரை கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும். முழுவதையும் கொடுத்தாலும் துளி வெடிக்காது. ஆகவே அந்த முடிவு அதைவிடக் கனமான துகள்களுக்கே பொருந்தும். (தேர்வில் இதைக் கேட்டால் நல்ல கேள்வி.) வெப்பநிலையை ஏற்றினால் இந்த வரம்பு இறங்கும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் காமா கதிர்களுக்கும் துளிகள் வெடிக்க ஆரம்பிக்கும். எது காமா, எது அணுக்கரு மோதல் என்று சத்தத்தை வைத்துப் பிரிப்பதுதான் இப்போதைய பாடு.