வெள்ளத்துக்கு முன்பே மேம்பாலம் ஏறிய கார்கள்

2024 அக்டோபர் 14 மாலை. சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் நெடுக கார்கள் வரிசைகட்டி நின்றன. பெருமழை இன்னும் வரவில்லை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு வானிலை மையத்திடமிருந்து அதிகனமழை எச்சரிக்கைதான் வந்திருந்தது. அது போதுமாயிருந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் வண்டியை மேலே ஏற்றிவிட்டு நடந்தே வீடு திரும்பினார்கள். போலீஸ் அபராதம் போடுகிறது என்று பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் இல்லை என்று காவல்துறை மறுத்தது. அன்றிரவே மீம்கள் பறந்தன. பாலத்துக்கு மாத வாடகை பேசினார்கள், வடிவேலுவைப் பாலத்தில் நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கான காரணத்தை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பிலிருந்து கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின் நினைவும் ஆறவில்லை. இந்தப் பகுதியின் நிலமும் அப்படி. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இறங்கிச் சேருமிடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் குப்பைமேட்டுக்கும் போய்விட்டது. வழி குறுகிய தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஆக, மேம்பாலத்தில் காரை நிறுத்தியவருக்குத் தன் தெருவின் மட்டம் நன்றாகவே தெரியும். அவரைக் கேலி செய்தவர்களில் பலரும் அதே தண்ணீரில் நின்றவர்கள்தான்.

துயரத்துக்கு நடுவே சிரிப்பு எப்படி வருகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையை 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியது. அதைப் பற்றிய நகைச்சுவைகள் எந்தெந்த நாளில் எவ்வளவு சிரிப்பு மூட்டின என்று கொலராடோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மெக்ராவும் உடன் ஆய்வாளர்களும் தொடர்ந்து அளந்தார்கள். புயல் கரை தொடுவதற்கு முன் சிரிப்பு இருந்தது. சேதம் தெரியத் தெரிய அது அடங்கியது. பிறகு மெல்ல ஏறி 36-ஆம் நாளில் உச்சத்தை எட்டி, மறுபடி இறங்கியது. மிக நெருக்கத்தில் ஆபத்து அச்சுறுத்துகிறது, மிகத் தொலைவில் அதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை, இடைப்பட்ட தூரத்தில்தான் சிரிப்பு முளைக்கிறது என்பது அவர்கள் முடிவு. மேம்பாலக் கார்களுக்கும் இது பொருந்துகிறது: பழைய வெள்ளம் பத்து மாதம் தள்ளி, புது வெள்ளம் இன்னும் வரவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு, நகைச்சுவையைப் படித்துப் பார்ப்பவர்களைப் பற்றியது. முழங்கால் தண்ணீரில் நிற்பவர்கள் 36 நாள் காத்திருப்பதில்லை. ஏரி மறுகால் பாய்ந்து கெண்டையும் கெளுத்தியும் தெருவுக்கு வந்துவிட்டால், வீட்டிலிருக்கும் கொசுவலையோடு இறங்குகிற ஆள் உடனே கிடைத்துவிடுவார்; மாடியிலிருந்து அவருக்கு யோசனை சொல்ல பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். 2015 நவம்பரில் ஓலா நிறுவனம் வெள்ளப் பகுதிகளுக்குப் படகு அனுப்பியபோது, வாடகைக் காருக்குப் பதில் துடுப்புப் படகு வந்து நின்றதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறியவர்கள் உண்டு. சேர்ந்து சிரிக்கும்போது வலியைத் தாங்கும் அளவு கூடுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத இரவில், இத்தனை வருடம் முகம் மட்டும் தெரிந்த அடுத்த வீட்டுக்காரரோடு மொட்டைமாடியில் சிரித்தவர்களுக்கு அது ஆய்வில்லாமலே தெரியும்.

சிரிப்பு செய்தியையும் சுமந்து போகிறது. மிக்ஜாம் மழையில் பெருங்களத்தூர் அருகே ஒரு முதலை சாலையைக் கடந்தது. காரிலிருந்து எடுத்த காணொளி நகரம் முழுக்கச் சுற்றியது. கேலிகளோடு சேர்ந்தே, சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன, அவை கூச்சமுள்ளவை, சீண்டாமல் விட்டால் போதும் என்று அரசின் சுற்றுச்சூழல் துறைச் செயலர் சொன்ன விளக்கமும் பரவியது. கேலிக்காகக் காணொளியைத் திறந்த பலரும் அந்த விளக்கத்தையும் படித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் சிரித்துவிட முடியாது. அதே மிக்ஜாம் நாளில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் உள்ளே சிக்கி இறந்தார்கள். உடல்களை எடுக்கவே பல நாள் ஆனது. 2015 வடகிழக்குப் பருவமழையில் தமிழகத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தன் நனைந்த மெத்தையைப் பார்த்து ஒருவர் சிரிக்கலாம். காய்ந்த தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை மற்றவருக்கு இல்லை. நிவாரண முகாம் வரிசையில் நிற்கும் பெண்ணைப் படமெடுத்து மீமாக்குவதை நகைச்சுவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

2024 அக்டோபரில் பயந்த அளவு மழை பெய்யவில்லை. கார்கள் கீழே இறங்கின. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நெருங்கியதும் மறுபடி மேலே ஏறின. மழைக்காலத்துக்கென்று மேட்டுப்பாங்கான இடங்களை வாகனங்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கி அறிவித்தால், கார்கள் பாலத்தை அடைக்காமல் ஆம்புலன்ஸ் போகும் வழியாவது எப்போதும் திறந்திருக்கும்.