எல்ஃபின் முகம் எந்த நிறம்?

மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னர், கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். டோல்கீன் என்ற கத்தோலிக்க எழுத்தாளரைப் பற்றி அன்று வகுப்பில் இரண்டொரு சொற்கள் கூறியிருந்தேன். "ஃபாதர், அவர் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துக் கெடுத்துவிட்டார்கள். எல்ஃப் இனத்து வீரனாக ஒரு கறுப்பரை நடிக்க வைத்திருக்கிறார்கள். எல்ஃப் எப்படிக் கறுப்பாக இருக்க முடியும்?" என்று கேட்டான். கேட்டவனின் நிறமும் என் நிறம்தான். வெயிலில் உழைத்து உண்ணும் குடும்பத்துப் பிள்ளை அவன். அவன் வாயிலிருந்து அக்கேள்வி பிறந்தது அன்றிரவு என்னை வெகுநேரம் உறங்கவிடவில்லை.

வாசக அன்பர்களுள் மூத்தோர் பலர் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' என்ற இத்தொடரைக் கேள்வியுற்றிருக்கமாட்டீர்கள். உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். 2022 செப்டம்பரில் அமேசான் நிறுவனம் இதனை உலகெங்கும் வெளியிட்டபோது, தமிழில் மொழிமாற்றம் செய்தும் வெளியிட்டது. முதல் நாளிலேயே இரண்டரைக் கோடிப் பேர் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே இஃது எங்கோ நடந்த வெள்ளையர் சச்சரவு என்று நாம் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை. நம் வீட்டுக் கூடத்திற்குள் வந்துவிட்ட பேச்சு இது.

மூலக்கதையை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீனை நம்மவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1892-இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் நகரில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மேபல் 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதன்பொருட்டு உறவினரின் உதவியை இழந்து வறுமையுற்றார். 1904-இல் நீரிழிவு நோயால் மறைந்தார். பெற்றோரற்றுப்போன இரு சிறுவரையும் பர்மிங்காம் ஆரட்டரி இல்லத்து அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் பாதுகாவலராக இருந்து ஆளாக்கினார். பங்குக் குருவாகிய எனக்கு இவ்வரலாற்றைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்? டோல்கீனின் மூத்த மகனும் பிற்காலத்தில் குருவானார்.

இனி தொடரின் கதைக்கு வருவோம். 2017 நவம்பரில் அமேசான் உரிமை பெற்றது. அதற்கு ஏறத்தாழ 25 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2020 பிப்ரவரியில் நியூசிலாந்தில் படப்பிடிப்புத் தொடங்கியது. அடுத்த மாதமே கொரோனாப் பெருந்தொற்று வந்து பணியை நிறுத்தியது. செப்டம்பர் இறுதியில் மீண்டும் தொடங்கி, 2021 ஆகஸ்டில் நிறைவுற்றது. அப்போதும் ரசிகர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். அதிலும் வெண்ணிற ஆடை அணிந்த உருவம் ஒன்று முதுகைக் காட்டி நின்றது. ஓராண்டு கழித்துத்தான் தொடர் வரும் என்றார்கள். 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் இருபத்துமூன்று சுவரொட்டிகள் வந்தன. அவற்றிலும் முகங்கள் இல்லை. கைகளும் மார்பும் ஆடை அணிகளும் மட்டுமே. அந்தக் கைகள் யாருடையவை என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் ஊகித்துக்கொண்டிருந்தனர்.

காத்திருப்பு என்பது இவ்வாசகர்களுக்குப் புதிதன்று. 1937-இல் 'தி ஹாபிட்' வெளிவந்தவுடன் பதிப்பாளர் அடுத்த நூலைக் கேட்டார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதற்பகுதி அச்சேறுவதற்கு 1954 ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் வந்த இரண்டாம் பகுதி, கதைத்தலைவன் பகைவர் கையில் சிறைப்பட்ட இடத்தில் முடிந்தது. மூன்றாம் பகுதியோ பிற்சேர்க்கைகள் முடியாமையால் 1955 அக்டோபர் வரை தாமதமாயிற்று. ஏறக்குறைய பதினொரு மாதம் வாசகர் தவித்தனர். வேடிக்கை என்னவெனில், அன்று நூலைத் தாமதப்படுத்திய அதே பிற்சேர்க்கைகளிலிருந்துதான் இன்றைய தொடரின் கதை பெரிதும் எடுக்கப்பட்டது.

ஆயினும் இரண்டு காத்திருப்புகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று தவித்தவன் தன் அறையில் தனியே தவித்தான். மிஞ்சினால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினான். இன்று காத்திருக்கும் கோடிப்பேர் ஒருவர் காதில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டே காத்திருக்கிறார்கள். செய்தி இல்லாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. வெறும் வீட்டில் ஏழு பேய்கள் வந்து புகுந்த உவமையை ஆண்டவர் சொன்னது என் நினைவுக்கு வருகிறது.

இவ்வாறு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஊறிக்கிடந்த ஐயத்தின்மேல்தான் 2022 பிப்ரவரி 10 அன்று முகங்கள் வெளிப்பட்டன. அரோண்டிர் என்ற எல்ஃப் வீரனாக நடித்தவர் போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த இஸ்மாயில் குரூஸ் கோர்தோவா. குள்ளர் இனத்து இளவரசி டிசாவாகச் சோபியா நோம்வெட்டே என்ற கறுப்பினப் பெண்மணி. ஹாபிட்டுகளின் முன்னோரான ஹார்ஃபூட் கூட்டத்துப் பெரியவராக லென்னி ஹென்றி. புயல் மூண்டது. தொடரின் முன்னோட்டத்தின் கீழே, டோல்கீனின் வாக்கு என்று சொல்லி ஒரே வாக்கியத்தைப் பற்பல மொழிகளில் திரளான பேர் எழுதிக் குவித்தனர். தீமையால் புதியதொன்றைப் படைக்க இயலாது என்பது அதன் கருத்து. அவ்வடிவில் அதை டோல்கீன் எழுதவே இல்லை. நாவலில் ஒரு பாத்திரம் பேசுவதை யாரோ திரித்துச் சுருக்கியிருந்தனர். விவிலியத்தைத் திறவாமலே விவிலியத்தை மேற்கோள் காட்டுவோரை அன்றாடம் காணும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

புகார்களில் நேர்மையானவையும் இருந்தன என்பதை மறுக்கலாகாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழும் கதையைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிட்டார்கள் என்றனர், உண்மை. குள்ளர் இனப் பெண்கள் தோற்றத்தில் ஆண்களை ஒத்திருப்பர் என்று டோல்கீன் எழுதியிருக்க, இளவரசிக்குத் தாடி எங்கே என்று சிலர் கேட்டனர். சிரிப்பு வந்தாலும், நூலைப் படித்தவன் கேட்கும் கேள்விதான். டோல்கீனே இவ்வகையில் சளைத்தவர் அல்லர். 1958-இல் தம் நாவலுக்கு எழுதப்பட்ட திரைக்கதை ஒன்று அவரிடம் வந்தபோது, அதன் பிழைகளைக் காட்சி காட்சியாகப் பிரித்து வெகுண்டு எழுதினார். ஆக, கதையை நேசிப்பவன் அதன்பொருட்டுச் சினப்பது குற்றமன்று.

ஆனால் மேற்சொன்ன மூவர் மேலும் விழுந்த கற்கள் இந்த நேசத்திலிருந்து எறியப்பட்டவைதாமா? அரோண்டிரும் டிசாவும் டோல்கீனின் நூலில் இல்லாத பாத்திரங்கள், தொடருக்காகப் படைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு இன்ன முகம் என்று எந்த ஏடும் வரையறுக்கவில்லை. ஹார்ஃபூட்டுகளோ மற்ற ஹாபிட்டுகளைவிட மாநிறம் மிகுந்தவர்கள் என்று டோல்கீனே எழுதிவைத்திருக்கிறார். லென்னி ஹென்றியின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்ததோ பர்மிங்காமை அடுத்த டட்லி நகரம். டோல்கீன் வளர்ந்த மண்ணுக்கு அவரைவிட அணுக்கமான நடிகரைத் தேடினால் எளிதில் கிடைப்பாரா? இன்னொன்றையும் பாருங்கள். எல்ரோண்ட் என்ற முதன்மைப் பாத்திரத்திற்குரிய நடிகர் படப்பிடிப்புக்குச் சற்று முன்னரே மாறினார். 2024-இல் வந்த இரண்டாம் பருவத்தில் அடார் என்ற பகைத்தலைவனின் நடிகர் முற்றிலும் மாறினார். அப்போதெல்லாம் இப்படிப்பட்ட புயல் மூளவில்லை. வந்தவரும் போனவரும் வெள்ளையராக இருந்தனர்.

ஏறத்தாழ ஈராண்டுகள் தமக்கு வெறுப்பு நிறைந்த செய்திகள் வந்துகொண்டிருந்தன என்று கோர்தோவா கூறினார். சிறுவயதில் டோல்கீன் கதைத் திரைப்படங்களைப் பார்த்துத் தாமும் எல்ஃப் ஆகவேண்டும் என்று அவர் விரும்பியபோது, எல்ஃபுகள் உன்னைப்போல் இருப்பதில்லை என்று சுற்றியிருந்தோர் சொன்னார்களாம். அவ்வரியைப் படிக்கையில் எங்கள் மறைக்கல்வி மாணவன் என் கண்முன் நின்றான். 2022 செப்டம்பர் 7 அன்று, பழைய திரைப்படங்களில் ஹாபிட்டுகளாக நடித்த நால்வர், பல நிறக் காதுகள் வரைந்த மேலாடைகளிலும் தொப்பியிலும் தோன்றி அனைவருக்கும் வரவேற்புண்டு என்று எல்ஃப் எழுத்தில் அறிவித்தனர். நன்று. எனினும் அந்நாள்களில் தொடரின் குறைகளை நேர்மையாகச் சொன்னவர்களும் நிறவெறியர் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பார்வையாளர் கருத்துகளை மூன்று நாள் நிறுத்திவைத்த பின்னரே நிறுவனம் வெளியிட்டது. வசைபாடியவர்களால் வாயடைக்கப்பட்டோர் முதலில் இந்த நேர்மையாளர்களே.

நிறத்தைப் பற்றி டோல்கீன் என்ன நினைத்தார் என்பதற்குச் சான்று உண்டு. 1938-இல் ஜெர்மானியப் பதிப்பகம் ஒன்று 'தி ஹாபிட்' நூலை வெளியிட விழைந்து, நீர் ஆரிய வம்சத்தவர்தானா என்று வினவியது. அவர் சினந்தெழுந்து வரைந்த மறுமொழியில், யூதர் என்னும் ஆற்றல்மிகு மக்கள் தம் முன்னோரில் இல்லாமற்போனதற்கு வருந்துவதாக எழுதினார். 1959-இல் ஆக்ஸ்போர்டில் விடைபெறும் உரை ஆற்றியபோது, தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமக்கு நிறவேற்றுமைக் கொள்கையின் மேலுள்ள வெறுப்பை வெளிப்படையாகவே சொன்னார்.

1953-இல் இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் மரே என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. தம் நாவல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என்றும், அழகு என்பதைப் பற்றித் தாம் அறிந்த சிறிதளவும் தேவமாதாவின் மேல் கட்டப்பட்டது என்றும் அதில் குறிப்பிட்டார். மனிதர் கண்டு மயங்கும் அந்த எல்ஃப் அரசிகளின் அழகுக்கு ஊற்று, கலிலேயாவின் ஒரு சிற்றூரில் வெயிலில் தண்ணீர் சுமந்த யூதச் சிறுமி!

இவ்விடத்தில் நான் என் குற்றத்தையும் எழுதியாகவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்கு மாதா வேடத்திற்கென ஒரு சிறுமியை ஆசிரியை தேர்ந்தெடுத்திருந்தார். நல்ல கறுப்பு, நல்ல குரல், வசனம் முழுவதும் ஒரே வாரத்தில் பாடமாக்கியிருந்தாள். ஒரு மாலை, பங்கில் செல்வாக்குள்ள தாய் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். "சாமி, மாதாவுக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லையா? சுரூபத்தைப் பார்த்துக் கும்பிடுகிற சனங்கள் சிரிக்கமாட்டார்களா?" என்றார். பங்கின் அமைதி கருதி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, வேடத்தை மாற்றச் சொன்னேன். பீடத்தில் நிற்கும் அந்தச் சுரூபம் ஐரோப்பிய அச்சில் வார்த்தது என்பது அன்று எனக்குத் தெரியாதா என்ன? சிறுமியை அழைத்து இடையர் கூட்டத்தில் நிற்கும்படி நானே சொன்னேன். "சரி, சாமி" என்றாள். அட்டையில் செய்த ஆட்டுக்குட்டியை ஏந்தி விழா இரவு முழுவதும் நின்றாள். அதன்பின் அவள் எந்த நாடகத்திற்கும் பெயர் கொடுக்கவில்லை.

டோல்கீன் ரசிகர்களின் மேல் கல்லெறிய என் கையை ஓங்கும்போதெல்லாம் அந்த ஆட்டுக்குட்டி என் கண்முன் வருகிறது.

அடுத்த ஞாயிறு அந்த இளைஞனிடம் கோர்தோவாவின் கதையையும், இச்சிறுமியின் கதையையும் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்தான். பிறகு, "அவர் சண்டையிடும் காட்சிகள் நன்றாகத்தான் இருக்கும், ஃபாதர்" என்றான். சற்றுக் கழித்து, "கதைதான் மெதுவாகப் போகிறது" என்று சேர்த்துக்கொண்டான். அதை மறுக்க எனக்கு மனமில்லை.

இவ்வாண்டு நாடகத்திற்கான பெயர்ப்பட்டியலை மறைக்கல்வி ஆசிரியை நேற்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மாதாவாக நடிக்கவிருக்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். பட்டியலில் நான் எதையும் திருத்தவில்லை. வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அது கோவில் வாசலில் ஒட்டப்படும்.