புது பிளேடும் பழைய மிஷினும்

நாற்பது வருஷத்துக்கு முன்பு நம்மூர் சலூனில் ஒரே சவரக்கத்திதான். தோல் வாரில் நாலு இழுப்பு, உள்ளங்கையில் ஒரு தீட்டல், உடனே அடுத்தவர் கன்னம். சோப்புக் கிண்ணமும் பிரஷும் ஊருக்கே பொது. இதற்காகத் தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து ஆளுக்கு ஆள் போட்ட காலம் அது.

1986-ல் இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். எய்ட்ஸ் பயம் மெல்ல சலூனுக்குள்ளும் வந்தது. "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று வாய்விட்டுக் கேட்கப் பழகினோம். பிளேடை இரண்டாக முறித்துப் பாதியைச் செருகும் கத்தி வந்தது. எய்ட்ஸுக்குப் பயந்து மாற்றிய அந்த பிளேடு ஹெபடைடிஸ் பி-யிலிருந்தும் நம்மைக் காத்தது. காய்ந்த ரத்தக் கறையில்கூட 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும் வைரஸ் அது.

இன்று கத்தியைவிட டிரிம்மருக்குத்தான் வேலை அதிகம். பையன்கள் தாடியை மழிப்பதில்லை, ஒதுக்குகிறார்கள். பிடரியிலும் கிருதாவிலும் தோலை உரசியபடி ஓடுகிறது மிஷின். அதன் பல்லிடுக்கைக் கிட்டத்தில் பாருங்கள்: பொடி முடி, எண்ணெய், உதிர்ந்த தோல் செதில். படர்தாமரைக் காளான் அந்தச் செதிலிலேயே தங்கி அடுத்த தலைக்குப் போகும். சீழ்க்கொப்புளம் உண்டாக்கும் பாக்டீரியாவும் அப்படியே. மருந்துக்கு லேசில் அடங்காத படர்தாமரை பரவியிருக்கும் இந்த நாளில் இது என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

ஏசி சலூன்களில் கிருமியைக் கொல்ல நீல வெளிச்சப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் நேராக விழும் இடத்துக்குத்தான் அதனால் பலன். முடி அப்பிய சீப்பை உள்ளே வைத்தால் அழுக்கின் நிழலில் கிருமி பத்திரமாக இருக்கும். படிகாரக் கட்டியோ அன்று போலவே ஈரத்தோடு முகம் முகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ரத்தம் கசிந்த இடத்தில்தானே அதைத் தேய்க்கிறார்கள்!

2020 ஊரடங்கு முடிந்து கடை திறந்தபோது ஆளுக்கொரு பேப்பர் போர்வை போர்த்தினார்கள். பல கடைகளில் அது சீக்கிரமே மறைந்துவிட்டது. பிளேடு மட்டும் நிலைத்தது. அதன் உறையைப் பிரிப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம், பார்க்காவிட்டால் கேட்கிறோம். மிஷினைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அதைச் சுத்தம் செய்ய முதலில் பிரஷால் முடியைத் தட்டி, பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டால் பல்லை நனைத்து, அது தானாகக் காயும்வரை விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த நேரத்தைத் தொழிலாளி எடுத்துக்கொள்ள, பெஞ்சில் காத்திருக்கும் நாம்தான் விடவேண்டும்.