பேரன் சுமக்கும் சரித்திரம்

'பேரன்' என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 'பெயரன்' என்பதே 'பேரன்' என்றாயிற்று, 'பெயர்த்தி' பேத்தியானாள். பாட்டனாரின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். நம் முன்னோர் குழந்தைகளுக்குப் பெயரிட்ட முறைக்கு இவ்வொரு சொல்லே சாசனமாக நிற்கிறது.

தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர், பெண் மக்களுக்கும் இவ்வாறே பாட்டிமார் பெயர் என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் வழங்கி வந்த முறை. ஆதலின் ஒரு வீட்டுக் குழந்தைகளின் பெயர்களைப் பிறந்த வரிசைப்படி எழுதினால், இரண்டு தலைமுறைக்கு முந்திய நால்வரின் பெயர்கள் ஒருவாறு புலப்படும். ஆனால் அது ஊகமே. ஊகத்துக்குத் துணைச் சான்று வேண்டும்.

அரச குலத்திலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். கி.பி. 907-இல் அரியணை ஏறிய பராந்தக சோழனின் மகன் அரிஞ்சயன். அவன் மகன் சுந்தர சோழன். இச்சுந்தர சோழனுக்கும் பாட்டன் பெயராகிய பராந்தகன் என்பதே பெயர். பெயர் ஒன்றாயினும் ஆட்கள் இருவர். பாட்டன் பரகேசரி, பேரன் இராஜகேசரி என்னும் பட்டப் பெயர்களே இருவரையும் பிரித்தறிய உதவுகின்றன. நம் வீட்டு முன்னோருக்குப் பட்டங்கள் இல்லை. மனைவியின் பெயர், ஊர், நிலம் ஆகியவற்றைக் கொண்டே பாட்டனையும் பேரனையும் நாம் வேறுபடுத்த வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. அப்பெயரையே மகனுக்கு வைத்துவிட்டால் அவள் எவ்வாறு அழைப்பாள்? 'ராஜா' என்பாள், 'துரை' என்பாள். பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்! இதை அறியாதவர் ஒருவரையே இருவராகக் கணக்கிட்டு மயங்குவர். பிறப்புப் பதிவேட்டை நாடினாலோ, பெயர் சூட்டும் முன்பே பதிவு செய்யும் வழக்கத்தால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருப்பதும் உண்டு.

நம் பாட்டனாருக்குப் 'பிச்சை' என்று பெயர். வீட்டிலோ சோற்றுக்குக் குறைவில்லை. இளமையில் இப்பெயரைச் சொல்லி நாம் சிரித்ததுண்டு. ஒரு நாள் அத்தைப் பாட்டி எம்மை அருகே அழைத்து, "சிரிக்காதே, குழந்தாய்! அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் பிச்சையாகத் திரும்ப வாங்கினாள் அவர் தாயார்" என்றார். அன்றே நம் சிரிப்பு அடங்கிற்று.

குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் 'குப்புசாமி', 'குப்பம்மாள்' என்று பெயரிடுவதும் இக்கருத்துப் பற்றியதே. அற்பமான பொருளென்று கண்டால் யமன் தொடமாட்டான் என்பது தாய்மாரின் நம்பிக்கை. அந்த மூன்று குழந்தைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் இவ்வுலகில் இருந்ததற்குப் பாட்டனாரின் பெயர் ஒன்றே சாட்சி. 'போதும்பொண்ணு' என்ற பெயரும் அத்தகைய சாட்சிதான். அவ்வீட்டில் பெண்கள் பலர் பிறந்ததையும், கடைசியாக வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பையும் அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

வகுப்பில் ஒருமுறை, தாயாரின் பாட்டி பெயரை எழுதுமாறு மாணவர்களைக் கேட்டோம். மூவரே எழுதினர். மற்றவர்களுக்கு அவள் வெறும் 'பாட்டி'. இதில் வியப்பில்லை. தகப்பனார் பெயர் முதலெழுத்தாகவேனும் மகனோடு செல்கிறது. பாட்டியின் பெயரோ பெரும்பாலும் பேத்தியை அன்றி வேறெங்கும் தங்குவதில்லை. பேத்திக்கும் அதை இடாவிட்டால் அவள் இருந்த சுவடே அழியும்.

குழந்தைகளுக்குப் புதுப் பெயர் சூட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மனத்துக்கு உகந்த பெயரையே சூட்டுங்கள். ஆயினும் இன்று மாலையே வீட்டுப் பெரியவர் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமருங்கள். யாருக்கு எவர் பெயர், வீட்டில் அழைத்த பெயர் எது, தங்காமற்போன குழந்தைகள் எத்தனை என்று கேட்டு எழுதி, எழுதிய தேதியையும் குறித்து வையுங்கள். தேசத்தின் சரித்திரம் அரண்மனையில் மட்டும் நடந்ததன்று. நம் வீட்டுத் தொட்டிலருகிலும் நடந்திருக்கிறது.