அண்ணாந்து வெட்டிய கழுத்து: கை மரத்துப் போனால் கவனம் தேவை

புக்கிட் செந்தோசா – கழுத்து வலி என்றாலே இப்போது எல்லாரும் கைத்தொலைபேசியைத்தான் குறை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பொருந்தும். தோட்டத்தில் குலை வெட்டி ஓய்ந்தவர்களின் கதை வேறு. அவர்கள் குனிந்து கெட்டவர்கள் அல்லர், அண்ணாந்து கெட்டவர்கள்.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான், இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே. தோட்டத்தின் பெயர் என்னவோ தென்னமரம், நட்டது செம்பனை. மரம் சிறிதாக இருக்கும்வரை உளியால் குத்தி வெட்டலாம். வளர்ந்துவிட்டால் நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, பழம் பழுத்ததா என்று அண்ணாந்து பார்த்து, முதலில் மட்டையை இறக்கி, பிறகு குலையை வெட்ட வேண்டும். கைகள் தோளுக்கு மேலே, தலை பின்னால் சாய்ந்தபடி. ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம்.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குவது கழுத்திலுள்ள 7 சிறிய எலும்புகள். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 27 கிலோ அளவுக்கு ஏறும் என்று 2014இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணினி வழி கணக்கிட்டார். அண்ணாந்தால் சிக்கல் வேறு விதம். சுமை கழுத்தின் பின்பக்கச் சிறு மூட்டுகளில் இறங்குகிறது. கைக்குப் போகும் நரம்புகள் வெளிவரும் துளைகளும் சுருங்குகின்றன. இளவயதில் இது தெரியாது. வயது ஏற ஏற எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு வற்றி, ஓரங்களில் எலும்பு முளைத்து, இருக்கிற இடமும் குறையும்போதுதான் நரம்பு நசுங்கத் தொடங்கும். அதனால்தான் வேலையை விட்டு, டவுனுக்குக் குடிவந்த பிறகும் வலி தேடி வருகிறது.

வலி கழுத்தோடு நிற்பதில்லை. தோள்பட்டையில் குத்தும், விரல் நுனிவரை மரத்துப் போகும், பின்மண்டையில் தலைவலி வரும். வாயு என்று சொல்லித் தைலம் தேய்ப்பதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். (நெஞ்சு வலியும் வியர்வையும் சேர்ந்து இடக்கை வலித்தால், கழுத்தைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.) சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுவது, நடக்கையில் கால் தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவை தண்டுவடமே அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இதில் வலியே இல்லாமலும் இருக்கலாம் என்பதுதான் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திருப்பலில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. தேய்த்துவிட்டால் போதும், திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்னமும் குலை வெட்டுபவர்கள் மரத்தடியில் ஒட்டி நிற்காமல், கம்பு எட்டும் அளவுக்குத் தள்ளி நின்றால் கழுத்து வளைவது குறையும். மரத்துக்கு மரம் நடக்கையில் தலையை நேராக்கி, முகவாயை மெல்லப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்தலாம். இதே பயிற்சி கைத்தொலைபேசிப் பிள்ளைகளுக்கும் உதவும். கை மரத்துப் போனால் நிறுத்திவிட வேண்டும்.

கிளினிக்கில் "கழுத்து வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை ஆண்டு குலை வெட்டினீர்கள், எந்தக் கையில் மரத்துப் போகிறது என்பதையும் சொல்லி, மருத்துவ அட்டையில் எழுதச் சொல்லுங்கள். சொக்சோ விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்க்கும் உரியது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் நோய் தொழிலால் வந்தது என்று காட்ட வேண்டும். பழைய சம்பளச் சீட்டும் தோட்டத்து வேலைக் கடிதமும் இருந்தால் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.