நோவுக் குளிசையும் மறைத்த வருத்தமும்

சிறுநீரகம் என்றதும் மட்டக்களப்பில் பேச்சு பொலன்னறுவைச் சிறுநீரக நோய்க்குப் போய்விடும். 1990களிலிருந்து வடமத்திய விவசாயிகளை வாட்டும், காரணம் பிடிபடாத நோய் அது. தண்ணீரா, வெயிலா, கிருமிநாசினியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதை ஆய்வாளர்களிடமே விடுவோம். ஆனால் எச்.ஐ.வி.யோடு வாழ்பவரின் சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் தெரியும்.

எச்.ஐ.வி. கிருமியே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நியூயோர்க், மயாமி வைத்தியர்கள் 1984இலேயே எழுதினார்கள். மருந்து வந்தபின் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. இப்போது கவனிக்கவேண்டியது மருந்தையும்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் முன்னுரிமை கொடுத்த கூட்டுக் குளிசையில் டொலுடெக்ராவிர், லாமிவுடின், டெனோபோவிர் மூன்றும் உண்டு. டொலுடெக்ராவிர் தொடங்கியதும், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிறியற்றினின் இரத்தத்தில் சற்று ஏறும். அதனால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்று அர்த்தமில்லை. டெனோபோவிர் அப்படியல்ல. சிலருக்கு அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கும். இரத்தத்தில் சீனி சரியாக இருக்க, சலத்தில் சீனி தெரியும். பொசுபேற்றும் வெளியேறி எலும்பு நோகும்.

அந்த நோவுதான் எனக்குப் பயம். மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் நாள் முழுக்க வெயிலில் வயலில் நிற்பவர் அதை வேலை நோவென்றே நினைப்பார். பாமசிக்குப் போவார், டைக்குளோபினக் என்ற நோவுக் குளிசையை வாங்குவார். டெனோபோவிரோடு அது சேரும்போது சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். தான் பாவிக்கும் குளிசையை அவர் கடையில் சொல்லமாட்டார். கடைக்காரரின் மச்சானுக்குத் தெரிந்தால் வாவியின் இரண்டு கரைக்கும் தெரிந்த மாதிரி!

பாதிப்பு சிலருக்குத்தான், சிறுநீரகத்துக்கு இதமான புது டெனோபோவிரும் இருக்கிறது, ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்று கேட்போர் உண்டு. அந்தச் சிலர் யாரென்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கிருமி தலையெடுத்தால் சிறுநீரகத்துக்கும் கேடுதான். இலங்கையில் அரச கிளினிக்கில் மருந்து இலவசம். போகும்போது கிறியற்றினினும் சலமும் பார்த்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கினால் மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று வைத்தியர் முடிவெடுப்பார். வாங்கிப் போட்ட நோவுக் குளிசையையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

பாமசிக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். என்ன வருத்தமென்று கேட்கவேண்டாம். "நாளாந்தம் வேறு குளிசை போடுறீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். ஓமென்றால் டைக்குளோபினக்கை உள்ளே வைத்துவிட்டு, வைத்தியரைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.